இலையில் இல்லாதது

இலை அரைப்பதுதான் என் வேலை. இதைச் சொன்னால் நாட்டு மருந்துக் கடையா என்று கேட்கிறார்கள். இல்லை. மார்க்கெட் ரோட்டின் கடைசியில், விதைக்கடைக்குப் பின்னால் இருக்கிற மண், இலைப் பரிசோதனை நிலையத்தில் நான் அட்டெண்டர். விவசாயிகள் தங்கள் மரத்து இலையைப் பையில் போட்டுக் கொண்டுவருவார்கள். நான் அதைக் கழுவி, ஓவனில் இரண்டு நாள் காயவைத்து, மில்லில் போட்டு முகப்பவுடர் போல அரைத்து, சலித்து உள்ளே அனுப்புவேன். உள்ளே இருப்பவர்கள் அதை அமிலத்தில் கொதிக்கவைத்து, தழைச்சத்து இவ்வளவு, மணிச்சத்து இவ்வளவு, சாம்பல் சத்து இவ்வளவு என்று எழுதிக் கொடுப்பார்கள். பதினாலு வருஷமாக இதே பிழைப்பு. ஊரில் எனக்குப் பெயர் மில்லுக்காரன். சட்டையைத் தட்டினால் தூள் பறக்கும் என்பதால் பஸ்ஸில் என் பக்கத்து சீட் எப்போதும் காலியாகவே இருக்கும்.

எங்கள் நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. இலை கொண்டுவருபவரின் பெயர் கவுண்டரில் என் நோட்டோடு நின்றுவிடும். உள்ளே போவது நம்பர் மட்டும். யாருடைய இலை என்று தெரிந்தால் பரிசோதிக்கிறவரின் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்று பயந்து, எந்தக் காலத்திலோ ஒரு மேலதிகாரி செய்த ஏற்பாடு. உள்ளே பரிசோதிக்கிறவர்கள் இரண்டு பேர். ஒற்றைப்படை நம்பர் கண்ணாடிக்காரருக்கு, இரட்டைப்படை நம்பர், லேபில் இருப்பதால் நான் லேபக்கா என்று கூப்பிடுகிறவளுக்கு. யார் பரிசோதித்தார்களோ அவர்களே ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கண்ணாடிக்காரர் ரிட்டயராக ஒரு வருஷம் பாக்கி இருக்கிற மனிதர். நல்லவர், ஆனால் வாயைத் திறந்தால் தன் பல்வலியைத் தவிர வேறு பேச்சு வராது. லேபக்கா அப்படியில்லை. எதைக் கேட்டாலும் பதில் இருக்கும். கேட்காததற்கும் சில சமயம் இருக்கும்.

அவள் வீட்டு மாடி அறையில்தான் நான் குடியிருக்கிறேன். அதனால் அந்த வீட்டில் நடந்ததில் எனக்குத் தெரியாதது குறைவு. தெரிந்திருக்கக் கூடாததும் கொஞ்சம் தெரியும்.

லேபக்காவின் கணவரை எல்லோரும் சின்னவர் என்பார்கள். அவருக்கு ஒரு அண்ணன், பெரியவர். இரண்டு பேருக்கும் எலுமிச்சைத் தோட்டம். ஒரே தோட்டமாக இருந்ததை நடுவில் வேலி போட்டுப் பிரித்துக்கொண்டார்கள். பிரித்தபோது கிணறு அண்ணன் பக்கம் விழுந்தது. வாரத்தில் இரண்டு நாள் தண்ணீர் தம்பிக்கு என்று வாய்ப்பேச்சு. எழுதிக்கொள்ளலாம் என்று லேபக்கா சொன்னபோது, "அண்ணன் தம்பிக்குள்ள எழுத்து எதுக்கு?" என்று கேட்டவர் சின்னவர்தான். அவர் அப்படிப்பட்ட ஆள். யாராவது காலை மிதித்தால்கூட, தன் கால் அங்கே இருந்தது தப்பு என்று நினைப்பார்.

மழை பொய்த்த இரண்டாவது வருஷம் கிணறு வற்றியது. பெரியவர் வேலியிலிருந்து பத்தடி தள்ளித் தன் பக்கத்தில் போர் போட்டார். தண்ணீர் வந்தது. தண்ணீர் வந்த அன்றே, தம்பி தோட்டத்துக்குப் போகிற குழாயை அறுக்க ரம்பத்தோடு வேலியோரம் உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் நானும் சின்னவரோடு தோட்டத்தில் இருந்தேன்.

"அண்ணே, ரெண்டு நாள் வேண்டாம். அரை நாள் விடு, போதும்" என்றார் சின்னவர்.

"கெணத்துத் தண்ணிக்குத்தான் பேச்சு. கெணறுதான் காஞ்சுபோச்சே. இது நான் போட்ட போரு."

"மரம் செத்துரும்ணே."

"மேல பாத்துக் கேளு. என்னை ஏன் கேக்குற?" என்றார் பெரியவர். ரம்பத்தைக் குழாயில் வைத்து இழுத்தார். குழாய் ஆடியது. "அந்தப் பக்கம் பிடிடா, ஆடுது" என்றார்.

சின்னவர் பிடித்தார். சத்தியமாகச் சொல்கிறேன், குனிந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சின்ன வயதிலிருந்து அண்ணன் பிடி என்றால் பிடித்துப் பழகிய கை. தன் மரத்துக்குத் தண்ணீர் போகிற குழாயைத் தானே ஆடாமல் பிடித்து அறுக்கக் கொடுத்தார். அறுத்து முடித்ததும் பெரியவர் ஒரு கட்டையைச் செதுக்கிக் குழாய் வாயில் சொருகி, கல்லால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

நான் இதை வீட்டில் வந்து சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். லேபக்கா சாப்பாடு எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தாள்.

"நீங்களே பிடிச்சீங்களா?"

"ஆடிச்சு" என்றார் சின்னவர்.

அவள் மறுபடி கரண்டியை எடுத்தாள். அவர் தட்டில் சோறு போட்டாள். அவர் போதும் என்ற பிறகும் போட்டுக்கொண்டே இருந்தாள். அது துக்கத்தால் வந்தது என்று அன்றைக்கு நினைத்தேன். மனிதர்களைப் புரிந்துகொள்வதில் நான் எப்போதும் ஒரு மாசம் பின்னால்தான்.

அதன் பிறகு சின்னவரின் எண்பத்திரண்டு மரங்களுக்கும் எட்டு நாளுக்கு ஒரு முறை வருகிற டேங்கர் லாரிதான் கதி. சொந்தமாகப் போர் இல்லாத தோட்டங்களுக்கு முறை வைத்து வரும். ஒரு மரத்துக்கு மூன்று குடம் விழுந்தால் அதிகம். வெயில் காலை ஏழு மணிக்கே முதுகைச் சுட்டது. மண் பாளம் பாளமாக வெடித்தது. மரங்கள் முதலில் இலையைச் சுருட்டிக்கொண்டன. அப்புறம் மஞ்சளாக்கி உதிர்க்கத் தொடங்கின. சின்னவர் உதிர்ந்த இலையைக் கூட்டி அந்தந்த மரத்தடியிலேயே குவித்தார். சாப்பாடு குறைந்தது. குளிப்பதை நிறுத்தினார். கேட்டால், "மரத்துக்கு இல்லாத தண்ணி எனக்கெதுக்கு?" என்றார். டாக்டர் பார்த்துவிட்டு உடம்பில் ஒன்றுமில்லை என்றார். ஒரு நாள் மாடிப்படியில் என்னை நிறுத்தி லேபக்கா சொன்னாள்:

"இந்த மரம் போச்சுன்னா இவரும் கூடவே போயிருவாரு. எனக்குத் தெரியுது."

அந்த வாரம் வேலை நேரம் முடிந்த பிறகு ஒரு பையை என்னிடம் கொடுத்தாள். உள்ளே தனித்தனிப் பொட்டலமாக அவர்கள் தோட்டத்து உதிர்ந்த இலை, மரத்தில் இருந்த இலை, கிளைப் பட்டை, மெல்லிய வேர். எல்லாவற்றையும் அரைத்துக் கொடுத்தேன். நான்கு நாள் கழித்து சாயங்காலம் எங்கள் இருவரையும் தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள். சின்னவர் ஒரு மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். அவள் குவியலிலிருந்து ஓர் இலையை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"இது என்ன?"

"இலை."

"வெறும் கூடு. இதுல இருந்த தழைச்சத்துல பாதிக்கு மேல காணோம். சாம்பல் சத்தும் அப்படித்தான். எங்க போச்சுன்னு நெனைக்கிறீங்க?"

"வெயில்ல போச்சு."

"வெயிலு எடுத்துட்டுப் போகல. மரமே எடுத்துக்கிச்சு. மண்ணுல ஈரம் இருந்தாத்தான் வேரால சத்தை இழுக்க முடியும். ஈரம் இல்ல. அதனால கையில இருக்கறதை வச்சுக் குடும்பம் நடத்துது. கெழட்டு இலையில இருக்கறதையெல்லாம் உருவி, பட்டையிலயும் வேருலயும் கொண்டுபோய் வச்சுக்கிட்டு, அப்புறம்தான் காம்பை வெட்டி விடுது. பட்டையை அரைச்சுப் பாத்தேன். அத்தனையும் அங்க இருக்கு."

"எல்லாத்தையுமா எடுத்துக்குது?"

"சுண்ணாம்புச் சத்தை மட்டும் எடுக்க முடியாது. அது போன எடத்துலயே உறைஞ்சிரும். அது இந்த இலையில அப்படியே இருக்கு." அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "செத்த மரம் இலையை உதிர்க்காதுங்க. இலை கருகி அப்படியே ஒட்டிக்கிட்டு நிக்கும். காம்பை வெட்டிவிடறதுக்கு உயிர் வேணும். இது உதிர்க்குதுன்னா பொழைக்கத்தான் பாக்குது. ஒரு நல்ல மழை வரட்டும், வச்சிருக்கறதையெல்லாம் எடுத்து ஒட்டுமொத்தமா பூக்கும் பாருங்க."

சின்னவர் அந்த இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப உரம் எதுவும் போட வேண்டாமா?"

"இப்பப் போட்டா அதுதான் விஷம். உரம்னா உப்பு. காஞ்ச மண்ணுல கொஞ்சத் தண்ணியில கரைஞ்சு நின்னா, வேருல இருக்கற ஈரத்தையும் வெளிய இழுத்துரும்."

அன்றைக்கு அவர் குளித்தார். இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டார். லேபக்கா சமையலறையில் முதுகைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்ததை நான் பார்க்காதது போலத் தண்ணீர் குடித்தேன்.

இதற்குள் பெரியவரின் போரும் இறங்கிவிட்டது. மோட்டார் போட்டால் அரை மணி நேரம் விரல் தடிமனில் வரும், அப்புறம் காற்றுதான். அவருடைய அறுபது மரங்களும் மஞ்சளாகத் தொடங்கின. ஒரு மத்தியானம் கவுண்டர் முன்னால் ஒரு பையோடு வந்து நின்றார். உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அவ இல்லையே?"

"சாப்பிடப் போயிருக்காங்க."

"இது அவ கைக்குப் போகக் கூடாது, மில்லு."

"பேரு உள்ளேயே போகாதுங்க. நம்பர் மட்டும்தான் போகும்" என்று நானூற்றுப் பதினேழு போட்டேன். பையைப் பிரித்தால் எல்லாம் மஞ்சள் இலை. "காய்க்காத கிளையில நடுவுல இருக்கற பச்சை இலையா நாலு பக்கமும் பறிச்சுட்டு வரணுமே. இது விழப்போற இலை."

"இருக்கற பச்சையையும் நானே பறிச்சா மரத்துல என்ன மிச்சம் இருக்கும்? இதையே பாரு. மரம் பசியில கெடக்கு, என்ன கொறையுதுன்னு மட்டும் சொல்லச் சொல்லு."

எந்த விவசாயிக்கும் வருகிற இரக்கம்தான் அது. அந்த நிமிஷம் அவர் மேல் எனக்குக்கூட ஒரு பச்சாதாபம் வந்தது. ஆனால் என் வாய்க்குப் பூட்டு கிடையாது. லேபக்கா சாப்பிட்டுவிட்டு வந்து குடுவை கழுவும்போது பக்கத்தில் போய் நின்று சொல்லிவிட்டேன். அவருக்கும் மரம் மஞ்சளாகிறது என்ற சந்தோஷச் செய்தியை அவளுக்குக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது, வேறொன்றுமில்லை.

அவள் குழாயை மூடினாள். "என்ன நம்பர்?"

"நானூத்திப் பதினேழு. கண்ணாடிக்காரருக்குப் போகும்."

"அடுத்தது யாரு?"

"கொய்யாத் தோட்டத்துக்காரர்."

"அவரைப் பதினேழாக்கு. இதைப் பதினெட்டாக்கு."

"அக்கா..."

"இன்னும் நீ கழுவவே இல்லையே. நோட்டுல ரெண்டு பேரை மாத்தி எழுதறதுக்கு என்ன?"

மாற்றினேன். அவள் எண்களைத் திருத்தி ஏதாவது விஷமம் செய்யப் போகிறாள் என்று நினைத்தேன். எனக்குப் பயமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. குழாயைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்த சின்னவரின் முதுகு என் கண்ணிலேயே நின்றது. பெரியவருக்கு ஏதாவது ஒன்று நடக்க வேண்டும் என்று நானும் மனசுக்குள் கறுவிக்கொண்டுதான் இருந்தேன்.

அவள் ஒரு விஷமமும் செய்யவில்லை. வழக்கமாக இரண்டு முறை செய்கிற சோதனையை மூன்று முறை செய்தாள். எண்களைச் சரிபார்த்து, அழகான கையெழுத்தில் ரிப்போர்ட் எழுதினாள். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து மூன்றும் மிகக் குறைவு. அதற்குக் கீழே, எல்லோரும் ஒரு வரி எழுதுகிற இடத்தில், ஏழு வரி எழுதியிருந்தாள். இது உதிரப்போகும் இலை, சத்தை மரம் உள்ளே எடுத்துக்கொண்டுவிட்டது, மரத்துக்குக் குறைவது சத்து இல்லை, தண்ணீர். நல்ல மழை பெய்து மண் நனையும்வரை எந்த உரமும் போடக் கூடாது, போட்டால் வேர் கருகி மரம் சாகும். 'போடக் கூடாது' என்பதற்கு அடியில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு. கீழே முழுப் பெயரில் கையெழுத்து.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இவ்வளவு பெரிய மனசா இவளுக்கு என்று நினைத்தேன். கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

"நீயே கொண்டுபோய்க் குடு" என்றாள். "ஒரு வரி விடாம படிச்சுக் காட்டு."

பெரியவர் மோட்டார் கொட்டகையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எனக்கு டீ கொடுத்தார். நான் படித்தேன். எண்கள் முடியும்வரை தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். உரம் போடக் கூடாது என்ற இடம் வந்ததும் காகிதத்தைக் கையிலிருந்து வாங்கி அடியில் பார்த்தார்.

"அவ கையெழுத்து."

"ஆமாங்க."

"அவ கைக்குப் போகக் கூடாதுன்னு சொன்னேனே."

"நம்பர் அப்படி விழுந்துருச்சு" என்றேன். பொய் சொல்வதில் எனக்கு இவ்வளவு லாவகம் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது.

அவர் சிரித்தார். "தழைச்சத்து கொறைவுங்கறா. சாம்பல் சத்து கொறைவுங்கறா. எல்லாம் கொறைவுன்னு அவளே எழுதிட்டு, ஒண்ணும் போடாதேங்கறா. பசியில மயங்கிக் கெடக்கறவனுக்குச் சாப்பாடு குடுக்காதேங்கறா. யாருகிட்ட?"

"அக்கா பொய் எழுத மாட்டாங்க."

"நீ அவ வீட்டு மாடியில கெடக்கறவன், வேற என்ன சொல்லுவ? தண்ணிய நிறுத்துனேன்ல, அந்த ஆத்திரம். என் மரம் பட்டினியில சாகணும்னு கோடு போட்டு எழுதியிருக்கா. ரெண்டு கோடு வேற." காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "நாளைக்கே போடறேன். ஒரு பங்கு இல்ல, ரெண்டு பங்கா போடறேன். போய்ச் சொல்லு."

போய்ச் சொன்னேன். லேபக்கா மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பங்காவா?"

"ஆமாக்கா. அப்படித்தான் சொன்னாரு."

ஒரு சட்டையை மடித்து மற்ற துணிகளின் மேல் வைத்தாள். "போர்ல எவ்வளவு நேரம் தண்ணி வருதாம்?"

"அரை மணி நேரம்."

"உரம் கரையறதுக்குப் போதும். கழுவிட்டுப் போறதுக்குப் போதாது" என்றாள். அப்போது அவள் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது. ஓவனைத் திறந்தால் முகத்தில் அடிக்கிற சூடு போல இருந்தது.

"இதே ரிப்போர்ட்டு கண்ணாடிக்காரர் கையெழுத்துல போயிருந்தா அவர் கேட்டிருப்பாரு, இல்ல?"

"கேட்டிருப்பாரு."

"நான் போய்ச் சொல்லட்டுமா?"

"என்னன்னு? எழுதுனது அத்தனையும் நெசம்னா? அதைத்தான் நானும் எழுதிக் குடுத்திருக்கேன்." துணிக் குவியலைக் கையில் தூக்கிக்கொண்டாள். "அன்னைக்கு என் புருஷன் கையாலயே குழாயைப் பிடிக்க வச்சாருல்ல? இன்னைக்கு அவரும் அவர் கையாலயே போடட்டும்."

நான் அன்றைக்கே சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். கண்ணாடிக்காரரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் பெரியவர் கேட்டிருப்பார். அறுபது மரத்துக்கு ஒரு சைக்கிள் பயணம் பெரிய விஷயமில்லை. நான் போகவில்லை. மறந்துபோனதால் இல்லை, போகப் பிடிக்கவில்லை.

பன்னிரண்டு நாளில் வேலிக்கு அந்தப் பக்கம் நிறம் மாறியது. இலைகளின் ஓரம் முதலில் கருகியது, அப்புறம் முழு இலையும் காபித்தூள் நிறத்துக்கு வந்தது. ஆனால் உதிரவில்லை. காற்றடித்தால் காகிதம் போலச் சலசலத்துக்கொண்டு கிளையிலேயே நின்றது. நான் காலையில் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போவேன். லேபக்கா அந்தப் பக்கம் திரும்பவே மாட்டாள், கைப்பையைத் திறந்து எதையாவது தேடுவாள்.

பெரியவர் மறுபடி நிலையத்துக்கு வந்தார். ஷேவ் செய்யாத முகம். நேராகக் கண்ணாடிக்காரரிடம் போய், மடித்து வைத்திருந்த ரிப்போர்ட்டை நீட்டினார்.

"இது சரியான்னு பாத்துச் சொல்லுங்க."

கண்ணாடிக்காரர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு முழுசாகப் படித்தார். "சரியாத்தானே எழுதியிருக்கு. நான் எழுதியிருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன். ஏன், உரம் போட்டுட்டீங்களா?"

பெரியவர் காகிதத்தைத் திருப்பி வாங்கி அதே மடிப்பில் மடித்தார். போகும்போது கவுண்டரில் என்னைப் பார்த்து, "நெசத்தைத்தான் எழுதியிருக்கா, மில்லு" என்றார். நான் நோட்டில் எதையோ எழுதுவது போல் குனிந்துகொண்டேன்.

அன்று சாயங்காலம் அவர் தம்பி வீட்டுக்கு வந்தார். தண்ணீரை நிறுத்திய பிறகு அந்த வாசலை அவர் மிதிப்பது அதுதான் முதல் தடவை. செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து, நாற்காலியில் உட்காராமல் சுவரோரம் நின்றார். லேபக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கணவரின் அண்ணனை அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

"உக்காருங்க மாமா" என்றாள்.

"நீ சரியாத்தான் சொன்னம்மா. எழுத்துல எழுதி, கோடு போட்டுச் சொன்ன. நான்தான் நீ எனக்குக் கெடுதல் பண்றேன்னு நெனைச்சு வீம்புக்குப் போட்டேன்." தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுருட்டினார். "நான் பண்ணுனதுக்கு நீ பொய் எழுதியிருந்தாக்கூட நியாயம். நீ நெசத்தை எழுதியிருக்க."

அவள் வெங்காயத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சின்னவர் உள் அறையிலிருந்து எழுந்து வந்தார்.

"கெழக்கு வரிசை எப்படிண்ணே இருக்கு?"

"எல்லாம் கருகிருச்சுடா."

"அது நான் குழி வெட்டி வச்சது."

"தெரியும்டா."

சின்னவர் மனைவியைப் பார்த்தார். "உப்பு தானே? தண்ணி நெறைய விட்டாக் கழுவிட்டுப் போயிருமா?"

"நெறைய வேணும். ஒரு டேங்கர் முழுக்க விட்டா பத்து மரம் கழுவலாம்" என்றாள்.

"நாளைக்கு நம்ம முறை. லாரியை அண்ணன் பக்கம் விடச் சொல்லிர்றேன்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "நம்ம மரம் இன்னும் எட்டு நாள் தாங்காதுங்க."

"தாங்கும்னு நீதானே சொன்ன? உள்ள வச்சிருக்குன்னு சொன்னியே" என்றார் அவர். பல மாதத்துக்குப் பிறகு அவர் குரலில் ஒரு உறுதி இருந்தது. அண்ணன் வந்து நின்றதும் அந்த மனிதருக்கு உயிர் வந்துவிட்டது. அதை அவளும் பார்த்தாள். பார்த்துவிட்டு மறுபடி கத்தியை எடுத்து நறுக்கத் தொடங்கினாள்.

காலை எட்டு மணிக்கு லாரி வந்து வேலியோரம் நின்றது. நாங்கள் நான்கு பேரும் பெரியவர் தோட்டத்தில் இருந்தோம். மரத்தடிகளில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

"உசிர் இருக்கற மரத்துக்குத்தான் ஊத்தணும். செத்ததுக்கு ஊத்தி என்ன பிரயோஜனம்? முதல்ல நான் பாத்துர்றேன்" என்றாள் லேபக்கா.

முதல் மரத்தில் ஒரு கிளையை வளைத்து நகத்தால் பட்டையைக் கீறினாள். உள்ளே சருகு நிறம். "காஞ்சிருச்சு" என்றாள். அடுத்த மரம். "இதுவும்." அண்ணனும் தம்பியும் அவளுக்குப் பின்னாலேயே நடந்தார்கள். இருவரும் மரத்தைப் பார்க்கவில்லை, அவள் வாயைத்தான் பார்த்தார்கள். அவள் என்ன சொன்னாலும் கேட்கிற நிலையில் இருந்தார் பெரியவர். வரிசை வரிசையாகப் போனாள். கீறினாள், தலையை அசைத்தாள், நகர்ந்தாள்.

நான் கடைசியில் நடந்தேன். கிழக்கு வரிசையில் வரும்போது சும்மா, கை சும்மா இருக்காமல், அவள் விட்டுப் போன மரத்தின் அடித்தண்டில் என் கட்டைவிரல் நகத்தை அழுத்தினேன். பச்சை. ஈரப் பச்சை, நகத்துக்குள் ஏறியது. அடுத்த மரத்திலும் அழுத்தினேன். அதுவும் பச்சை. அப்போதுதான் கவனித்தேன். அவள் நுனிக் கிளைகளை மட்டும் கீறிக்கொண்டு போனாள். முதலில் கருகியது நுனி. அதைக் கீறினால் எந்த மரமும் செத்த மரம்தான். மூன்றாவதாக ஒன்றில் என் நகம் இருந்தபோது அவள் திரும்பினாள்.

என் கையைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் கையை எடுத்துக்கொண்டேன். அவள் வரிசையை முடித்துவிட்டு வந்தாள்.

"எல்லாம் போயிருச்சு மாமா. ஒண்ணும் தேறாது. தண்ணிய வீணாக்க வேண்டாம்."

சின்னவர் தான் நட்ட ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டு, சத்தம் வராமல் அழுதார். அந்த மரத்தைத்தான் நான் முதலில் அழுத்திப் பார்த்திருந்தேன். பெரியவர் தம்பியின் தோளைத் தொட்டார். அப்புறம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு லாரிக்காரரைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

"வண்டியைத் தம்பி பக்கம் திருப்புப்பா."

ரப்பர் ஹோஸை அவரே தோளில் போட்டுக்கொண்டு வேலியைத் தாண்டினார். மண் அரிக்காமல் இருக்க ஹோஸின் வாயில் உள்ளங்கையைக் கொடுத்து, தண்ணீரை உடைத்து உடைத்துத் தம்பியின் மரங்களுக்கு விட்டார். அறுபத்திரண்டு வயது மனிதர், முழங்கால் வரை சேறு. லேபக்கா பக்கத்தில் நின்றாள். நான் கட்டைவிரலைக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வேலியோரமே நின்றேன். இப்போதும் ஓடிப்போய்ச் சொல்லலாம். லாரியில் முக்கால் வாசித் தண்ணீர் இருந்தது.

பெரியவர் ஒவ்வொரு மரத்திலும் தலையை நிமிர்த்தி அவளைக் கேட்டார்.

"இதுக்குப் போதுமாம்மா?"

"இன்னும் கொஞ்சம் விடுங்க மாமா" என்றாள் அவள்.

அவர் விட்டார்.